தலை தேய்ந்த ஸ்குரூ

அந்த அக்கா போனைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்தவர். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. 2021ஆம் ஆண்டு, மழைக்காலம். நுவரெலியா மாவட்டத்து லிந்துலைப் பக்கம் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நின்றபடி முடிச்சை அவிழ்த்துப் போனை என் கையில் வைத்தார்.

“டீச்சர், ரெண்டு நாளா சார்ஜ் ஏறுதில்ல. டவுன்ல ஒரு எடத்துல குடுத்துப் பாத்தேன். தொறக்க முடியலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு ஒம்பது மணிக்குப் புள்ளைக்கு ஒங்க வகுப்புத்தான்.”

பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம் அது. பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறிப் படித்தார்கள். லயத்தில் ஒரு வீட்டில் நல்ல போன் இருந்தால் அதைச் சுற்றி நாலு வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வருடம் மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. ஒரு போன் எத்தனை நாள் கொழுந்து என்று அந்த அக்காவுக்குக் கணக்குத் தெரியும். அதனால்தான் அது தலைப்பில் முடிந்து வந்தது.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 11 ஸ்குரூ. அதில் 3இன் தலையில் குறுக்குப் பள்ளம் என்று ஒன்றே இல்லை. பள்ளம் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம், உள்ளே பளபளவென்று. யாரோ பொருந்தாத ஸ்குரூ ட்ரைவரை வைத்துத் திருப்பி, வழுக்கி, மறுபடி திருப்பி, மறுபடி வழுக்கி, கடைசியில் கைவிட்டிருக்கிறார்கள்.

நான் விஞ்ஞான ஆசிரியை. பழுது பார்ப்பது எனக்குத் தொழில் இல்லை. அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்தவர் என்பதால் சின்ன வயதிலிருந்தே கருவிகளோடு பழக்கம். லயத்துச் சனங்கள் கொண்டுவரும் போன், ரேடியோ, ரிமோட், டோர்ச், சில வேளை பாடசாலை மடிக்கணினி என்று இத்தனை வருடமாகத் திறந்து பார்த்ததில் என் மனதை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பழுதினால் செத்த சாமானைவிடப் பொருந்தாத ட்ரைவரால் செத்த சாமான்தான் என் மேசைக்கு அதிகம் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நாம் ‘ஸ்டார்’ என்று சொல்லும் குறுக்குத் தலையின் சரியான பெயர் பிலிப்ஸ். 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் அதற்கான காப்புரிமைகளைப் பெற்றுத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனார். 1936இல் காடிலாக் கார் கட்டும் இடத்தில் அது ஓடத் தொடங்கியது. கார்த் தொழிற்சாலைக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. தட்டை ட்ரைவர் பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடிவிடும். குறுக்கு முனையோ தானாகவே நடுவுக்குப் போய் உட்காரும். ஆனால் அந்தப் பள்ளத்தின் சுவர்கள் நேராக இல்லை, கீழே போகப் போக ஒடுங்கிச் சரிந்திருக்கும். சரிந்த சுவரில் பலம் கொடுத்துத் திருப்பினால் அந்தப் பலத்தில் ஒரு பங்கு முனையை மேலே தள்ளும். நாம் அமுக்கும் பலம் அதைவிடக் குறைந்தால் முனை படியேறி வெளியே வந்துவிடும். வரும்போது சுவரைக் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு வரும். இரண்டாவது தடவை சுரண்டியது போதும். மூன்றாவது தடவை கிண்ணம்தான்.

அளவுகள் பிஎச் என்ற எழுத்தோடு வரும்: 000, 00, 0, 1, 2. பூஜ்யம் கூடக்கூட முனை சிறுக்கும். போனுக்குள்ளே பெரும்பாலும் 000, 00. மடிக்கணினியின் அடிமூடியில் 0 அல்லது 1. ரேடியோவின் முதுகில் 1, சில வேளை 2. நம் வீடுகளில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன ட்ரைவர். அது எல்லாப் பள்ளத்துக்குள்ளும் போகும். போவதால் பொருந்துகிறது என்று நினைத்துவிடுகிறோம். பெரிய பள்ளத்தில் சின்ன முனை நடுவில் மட்டும்தான் பிடிக்கும். இறுக்கமில்லாத ஸ்குரூ அதற்கும் சுழன்று கொடுத்துவிடும். பசை போட்டு முடுக்கிய ஸ்குரூ கொடுக்காது.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை இது. பெரிய முனையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். முனையைப் பள்ளத்தில் வைத்து, திருப்பாமல், கைப்பிடியை இலேசாக இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் அது இல்லை. ட்ரைவரும் ஸ்குரூவும் ஒரே சாமான்போலச் சேர்ந்து ஆடினால் அதுதான். இந்த ஆட்டிப் பார்க்கும் வேலைக்கு அரை நிமிடம் போகும். 11 ஸ்குரூவுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரே போனுக்குள் இரண்டு அளவு வருவது சாதாரணம்.

திருப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ஏழு அமுக்குவதற்கு, மூன்று திருப்புவதற்கு. நல்ல நுண் ட்ரைவரின் உச்சியில் தானாகச் சுழலும் ஒரு தொப்பி இருக்கும். சுட்டுவிரலை அதில் ஊன்றி அமுக்கிக்கொண்டே கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தண்டைச் சுழற்ற வேண்டும். ட்ரைவர் நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் முனையின் நாலு இறகில் இரண்டுதான் பிடிக்கும். முதல் கால் சுற்றுத்தான் முக்கியம். “டிக்” என்று ஒரு சத்தத்தோடு ஸ்குரூ இளகும். அதற்குப் பிறகு குழந்தைகூடக் கழற்றலாம்.

என் முதலாவது செட்டைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். முப்பது சொச்சம் முனை, ஒரு நாட்சம்பளத்துக்கும் குறைந்த விலை. பெட்டி அழகாக இருந்தது. இரண்டாவது மாதமே 00 முனையின் இறகுகள் கயிறு முறுக்கினதுபோல் முறுகிவிட்டன. இரும்பு கெட்டியில்லை. கெட்டியில்லாத முனை தான் தேய்வதோடு நிற்பதில்லை. தேய்ந்துகொண்டே ஸ்குரூவின் தலையையும் தின்கிறது. சாமானைக் கொண்டுவந்தவர் அதற்கு விலை கொடுக்கிறார். அந்தச் செட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் வீட்டு ரேடியோவுக்கும் அதே கதி.

பிறகு பணம் சேர்த்து எஸ்2 எஃகில் செய்த 24 முனைச் செட் ஒன்று வாங்கினேன். எஸ்2 என்பது அடியும் முறுக்கும் தாங்குவதற்கென்றே உள்ள கருவி எஃகு. முனைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நூறு முனைச் செட்டில் நான் தொடக்கூடியவை பத்துத்தான். அந்தப் பத்தும் கெட்டியாக இருந்தால் போதும். கடையில் வாங்கும்போது நான் பார்ப்பது: 000, 00, 0 மூன்றின் முனையும் கூர்மையாகக் கடைந்திருக்கிறதா, பிடியில் மாட்டினால் முனை ஆடுகிறதா, உச்சித் தொப்பி தடையில்லாமல் சுழல்கிறதா, முனையில் காந்தம் இருக்கிறதா. காந்தம் இல்லாவிட்டால் எள்ளுப்போன்ற ஸ்குரூவை அதன் குழியில் திரும்ப நிறுத்துவதற்குள் கண் நொந்துவிடும். சின்ன முனைகளின் தண்டு 4 மில்லிமீற்றர் அறுகோணம். வீட்டுத் துளைப்பானுக்கு வரும் முனைகள் 6.35. இரண்டும் ஒன்றுக்கொன்று மாட்டாது.

அந்த அக்காவின் போனுக்கு வருகிறேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அனுப்பினார். தரம் 9. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோர்ச் பிடித்தாள்.

நல்ல தலையுள்ள 8 ஸ்குரூவும் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டன. மூன்று மிச்சம். இறப்பர் பேண்டை இடையில் வைத்துத் திருப்பும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் போன் ஸ்குரூவுக்கு இறப்பர் பேண்ட் தடிப்பு, முனை பள்ளத்துக்குள் இறங்காது. அந்த நாட்களில் கொரோனாவினால் வீட்டில் கையுறைகள் இருந்தன. கையுறையின் விரல் நுனியை வெட்டி, தலையின் மேல் போர்த்தி, 0 முனையை வைத்து, மூச்சைப் பிடித்து அமுக்கினேன். இறப்பர் அந்தக் கிண்ணத்தின் கீறல்களுக்குள் நெரிந்து போய்ப் பிடித்தது. ஒன்று வந்தது.

இரண்டாவது அதற்கு மசியவில்லை. தொழிற்சாலையிலேயே மரையில் ஒரு சொட்டு நீலப்பசை வைத்து முடுக்குவார்கள், அதிர்வில் கழன்றுவிடாமல் இருக்க. சூடு பட்டால் அந்தப் பசை இளகும். பற்றரியிலிருந்து தூரத்தில், மேல் மூலையில் இருந்த ஸ்குரூ அது என்பதால் துணிந்தேன். சோல்டரிங் அயனின் நுனியைத் தலையில் வைத்து ஐந்து எண்ணினோம். பிள்ளை சத்தமாக எண்ணினாள். எடுத்த கையோடு மறுபடி கையுறைத் துண்டு, மறுபடி முனை. திரும்பியது. பற்றரிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன், நீங்களும் செய்ய வேண்டாம்.

மூன்றாவதின் தலை சட்டத்துக்கு மேலே ஒரு நகக்கண் உயரத்துக்கு நின்றது. மெல்லிய வாயுள்ள கட்டர் குறட்டால் அதன் விளிம்பைப் பக்கத்திலிருந்து கவ்வி, வெட்டிவிடாத அளவுக்கு நெரித்து, மணிக்கூட்டின் முள்ளுக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். இருபது தடவை கவ்வி விட்டிருப்பேன். வெளியே வந்து மேசையில் விழுந்தபோது பிள்ளைதான் முதலில் மூச்சு விட்டாள்.

பற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கீழே ஸ்பீக்கரைத் தூக்கி, சார்ஜ் ஏறும் வாயுள்ள சின்னப் பலகையை வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். வாய்க்குள் ஏதோ சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. ஊசியால் தொடாமல், பல் குத்தும் மரக்குச்சியைச் சீவித் தோண்டினேன். நூல். சேலையின் நூல், பஞ்சுபோல் நெரிந்து, வயரின் முனை கடைசிவரை போய் உட்காராதபடி அடியில் இறுகியிருந்தது. பலகையில் வேறு எந்தப் பழுதும் இல்லை. தலைப்பில் முடிந்து காப்பாற்றிய போனுக்குள் தலைப்பின் நூலே போய் அடைத்திருக்கிறது.

அந்தப் போனைத் திறந்திருக்கவே தேவையில்லை. டவுனில் வாங்கிப் பார்த்தவரும் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தலை தேய்ந்த ஸ்குரூக்களைக் கண்ட கோபத்தில் நேரே கழற்றப் போய்விட்டேன். அன்றிலிருந்து சார்ஜ் ஏறாத போன் எது வந்தாலும் முதலில் நிறுத்தி, டோர்ச் அடித்து, மரக்குச்சியால் துடைத்துப் பார்க்கிறேன். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடுகிறது. ஸ்டோரில் வேலை செய்கிறவர்களின் போனில் நூலுக்குப் பதிலாகத் தேயிலைத் தூசி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டினோம். தேய்ந்த மூன்றுக்கும் பதிலாகப் பழைய போன் ஒன்றிலிருந்து மூன்றைக் கழற்றிப் போட்டேன். அந்த இடத்தில் கவனமாக இருந்தேன், ஏனென்றால் அதற்கு முந்திய வருடம் ஒரு பெரிய பிழை செய்திருந்தேன். மாணவன் ஒருவனுடைய போனைப் பூட்டும்போது ஒரு ஸ்குரூ மாறிப்போனது. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குட்டை ஸ்குரூ போக வேண்டிய குழியில் நெட்டை போய், அடியால் திரையை முட்டியது. கடைசிச் சுற்று கொஞ்சம் கனத்தது கைக்குத் தெரிந்தது. பசையாக்கும் என்று நினைத்து முடுக்கிவிட்டேன். போனைத் திருப்பிப் பார்த்தால் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து ஒரு கோடு. திரைக்கான பணத்தை நான் கொடுத்தேன். விலை உயர்ந்த போன்களில் நெட்டை ஸ்குரூ தாய்ப்பலகையை (மதர்போர்டை) துளைத்து உள்ளே ஓடும் செப்புத் தடங்களை அறுத்துவிடும். திரையை மாற்றலாம், அதை மாற்ற முடியாது.

இப்போது எந்தச் சாமானைத் திறந்தாலும் முதலில் சி.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழிக்கிறேன். போனை அதில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, உள்ளே இருபக்கமும் ஒட்டும் டேப்பைப் பரப்பி, ஸ்குரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ தாளிலும் அதே இடத்தில் குத்தி வைக்கிறேன். கரண்ட் போனாலும் பூனை குதித்தாலும் அது அசையாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்ற காலத்தில் பாதியில் விட்ட மடிக்கணினி ஒன்றை அந்தத் தாளோடு நாலு நாள் அலுமாரியில் வைத்திருந்து பூட்டினேன். ஒரு ஸ்குரூ மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை.

வேறு தலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு முனை நட்சத்திரம் டோர்க்ஸ். சுவர்கள் நேராக இருப்பதால் வழுக்காது, எனக்கு மிகப் பிடித்தது. மூன்று கால் உள்ளது சில விளையாட்டுக் கருவிகளில் வரும். ஐந்து இதழ்ப் பூ போன்றது பென்டலோப். 2010இல் வந்த ஐபோன் 4 முதலில் சாதாரண ஸ்டார் ஸ்குரூவோடுதான் வந்தது, பிறகு அடியில் பென்டலோபுக்கு மாற்றினார்கள். அந்த முனை அப்போது கடைகளில் கிடைக்காது. காசு கொடுத்து வாங்கியவனை அவனுடைய சாமானுக்கு வெளியிலேயே நிறுத்தும் வேலை அது, எனக்கு அதில் கோபம் உண்டு. 2003இல் கலிபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய ஐஃபிக்ஸிட் என்ற கம்பெனி அந்த முனையைச் செய்து விற்றது. திறக்கும் முறைகளைப் படத்தோடு இலவசமாகவும் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போன் கம்பெனிகள், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடத்துக்கு உதிரிப்பாகம் தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நமக்கும் அது வர வேண்டும். கொழுந்து எடுத்து வாங்கிய போனுக்கு அந்த 7 வருடம் மற்ற யாரையும்விட அதிகம் தேவை.

நம் மலைக்கென்றே சில சங்கதிகள் இருக்கின்றன. எஸ்2 எஃகு கெட்டி, ஆனால் துருப்பிடிக்கும். நுவரெலியா 1868 மீற்றர், எங்கள் பக்கம் அதைவிடத் தாழ்வு. எங்கேயானாலும் மிஸ்ட் வீட்டுக்குள் வந்து பெட்டியைத் தொட்டுவிட்டுப் போகிறது. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகளை முனைப் பெட்டிக்குள் போட்டு வைக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் முனைகளைத் துடைக்கிறேன். ஈரக் காற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு. உடம்பில் நிலைமின்னேற்றம் சேர்வது குறைவு. ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் தேயிலை பனியில் கருகும் அளவுக்குக் காற்றுக் காய்ந்த நாட்களில் செயற்கை நூல் சுவெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி கேட்கும் அல்லவா, அந்தச் சுவெட்டரோடு போனின் தாய்ப்பலகையைத் தொடாதீர்கள். கழற்றி வைத்துவிட்டு, வெளியில் இரும்புத் தண்ணீர்க் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

இரண்டு சாமானை நான் திறப்பதில்லை. ஊதிப்போன பற்றரி உள்ள போன் ஒன்று. அதில் இரும்பு எதுவும் படக்கூடாது. அந்தப் பற்றரியைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. மற்றது, இப்போதுதான் சுவரிலிருந்து கழற்றிய டீவி, பெரிய சார்ஜர் போன்றவை. சுவரில் வருவது 230 வோல்ட்; உள்ளே அது நேரோட்ட மின்னாகி (டி.சி.) 325 வோல்ட்டுக்குக் கிட்ட, மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு கொள்ளளவியில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். ட்ரைவரின் தண்டு இரும்பு, அது உங்கள் விரல்வரை வருகிறது. மல்டிமீற்றரால் அளந்து பார்க்கத் தெரியாதவர்கள் அங்கே கையை வைக்க வேண்டாம்.

அப்பாவின் ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஜப்பானில் செய்தது, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கிறது. குமிழைத் திருப்பினால் கரகரப்பு, பாட்டு விட்டுவிட்டு வரும். முதுகில் நாலு ஸ்குரூ, நாலும் ஆழமான குழிக்குள். எல்லா அளவிலும் நல்ல முனை இருந்தும் எதை வைத்தாலும் அரைகுறையாகத்தான் உட்காரும். ஆட்டிப் பார்க்கும் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. என் விதிப்படி தொடாமல் வைத்துவிட்டேன். இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

காரணம் தலையிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. குறுக்குப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஊசி குத்தினதுபோல் ஒரு சின்னப் புள்ளி. அது ஜப்பானியத் தரத்தின் அடையாளம். ஜே.ஐ.எஸ் என்பார்கள். பார்வைக்குப் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பள்ளத்தின் அமைப்பு வேறு. பிலிப்ஸ் முனை அதற்குள் அடிவரை இறங்காது, மேலேயே தங்கி நின்று வழுக்கும். ஜப்பானிய ரேடியோ, கமெரா, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் தலை தேய்ந்த ஸ்குரூ அவ்வளவு இருப்பது இதனால்தான். ஜே.ஐ.எஸ் முனை பிலிப்ஸ் பள்ளத்திலும் ஓரளவு நன்றாகவே உட்காரும், அதனால் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள் என்பேன். ஒசாகாவின் வெசல் கம்பெனி செய்யும் நீண்ட தண்டு ட்ரைவர் ஒன்றைக் கொழும்புக்குப் போன உறவினர் மூலம் தேடி எடுத்தேன். முனை மாற்றும் செட்டின் பருத்த பிடி அந்த ஆழக் குழிக்குள் போகாது. அந்த இடத்துக்கு ஒற்றைத் தண்டு ட்ரைவர்தான் சரி.

ஞாயிற்றுக்கிழமை, மழை. ட்ரைவரைக் குழிக்குள் விட்டேன். கடைசியில் ஒரு சின்ன இறக்கம், அவ்வளவுதான், பிறகு ஆடவே இல்லை. நாலும் நாலு சுற்றில் இளகின. உள்ளே குமிழின் கார்பன் தடத்தில் அழுக்கு. கொன்டாக்ட் கிளீனரைத் தெளித்து முப்பது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். கரகரப்புப் போய்விட்டது.

பூட்டும்போது அப்பா கையை நீட்டினார். “குடு புள்ள, நான் முடுக்குறேன்.”

பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் வகை ஸ்குரூ அது. நேரே முடுக்கினால் பழைய மரைக்குக் குறுக்கே புது மரை வெட்டும். நாலு தடவை அப்படிச் செய்தால் குழி பெருத்து ஸ்குரூ நிற்காது. முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில், இலேசாகத் திருப்ப வேண்டும். பழைய மரையின் வாயில் வந்ததும் ஸ்குரூ “டிக்” என்று ஒரு மயிரளவு கீழே விழும். அப்போது நிறுத்தி, வலப்பக்கம் முடுக்க வேண்டும். இதை அப்பாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். ரோலர்களின் இரைச்சலில் முப்பது வருடம் நின்ற காது அவருடையது, பக்கத்தில் இருந்து பேசினாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

அவர் ஏற்கனவே இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார். அந்த “டிக்” எனக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அவருடைய விரல்கள் நின்றுவிட்டன.